எரிமலையை வெடிக்க வைத்தவன்

அந்தக் கல்லை வெடிக்க வைத்தது நீங்கள், மாமா. தண்ணீரை ஊற்றியது உங்கள் கை. நான் அப்போது அங்கே இல்லை. இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அண்ணாச்சிக்குத் தெரியும். நெய்வேலியில் நம் வீட்டுக்கு வெளியே வேறு யாருக்கும் தெரியாது. தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்கு ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மாமா என்பது என் அக்காவின் புருஷன். சுரங்கத்தில் பர்மனென்ட். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். யூனியனில் பேச்சாளர். ஷிப்ட் மாறும் நேரத்தில் மைன்ஸ் வாசல் ஆர்ச்சுக்குக் கீழே மைக் வைத்துக் கூட்டம் போடுவார்கள். கேட் மீட்டிங் என்று பெயர். அதில் மாமா பேசினால் பஸ் பிடிக்க ஓடுகிறவன்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போவான். அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பம்ப் ஹவுஸில் வேலை பார்த்தவர், மாமாவுக்குப் பக்கத்து வீடு. நான் கான்ட்ராக்ட். டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து கிராமத்தில் இருக்கிறேன். வெட்டிய நிலக்கரியைக் குவித்து வைக்கும் யார்டில் நெருப்புப் பார்க்கும் வேலை.

நெருப்புப் பார்ப்பது என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் கரி பழுப்பாக இருக்கும். வெட்டி எடுக்கும்போது ஈரமாக இருக்கும். வெளியே கிடந்து காற்றுப் பட்டு உலர்ந்தால் யாரும் பற்ற வைக்காமலே உள்ளுக்குள் கனன்று புகைய ஆரம்பிக்கும். அதனால் ஒரு கும்பல் ஷிப்ட் முழுக்கக் குவியலைச் சுற்றி நடந்துகொண்டே இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரியும். விசில் அடித்தால் டோசர் வந்து கிளறிப் பரப்பும். நாங்கள் ஹோஸைத் திருப்புவோம். புகையைப் பார்த்தால் தண்ணீர். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அவ்வளவுதான். யார்டில் மட்டுமில்லை, சுரங்கத்தில் எந்த மூலையில் வேலை செய்தவனுக்கும் இந்தப் பாடம் கைக்குள் ஏறியிருக்கும். அக்கா வீட்டில் ஊதுபத்தி தவறிக் கோலத்தில் விழுந்தால்கூட மாமா சொம்போடு ஓடி வருவார்.

அண்ணாச்சிக்குப் போனில் எரிமலை வீடியோ பார்க்கும் பழக்கம் உண்டு. வேறு எதுவும் பார்க்க மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

"ஏ மாப்ள, இங்க வா. இது நம்ம பக்கத்துலயே இருக்காம். கர்நாடகால. எரிமலை கக்குன கல்லு. எப்பவோ கக்கி எப்பவோ ஆறிப் போச்சு. ரிட்டயர் ஆனதும் ஒருதரம் போய்ப் பாத்துட்டு வந்திருவமா?"

ஒரு பெரிய பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்த மாமா தலையைத் தூக்கினார். "எரிமலையா? அப்போ மச்சான உட்டுட்டுப் போவ முடியாது. ஹோஸையும் எட்த்துக்கடா."

"வே, அணைஞ்ச நெருப்புக்கு எதுக்குவே ஹோஸு?"

"அணஞ்சிதா இல்லியான்னு இவன்தான செக் பண்ணணும். அவன் டியூட்டி அது."

எல்லோரும் சிரித்தோம். எனக்கும் போக வேண்டும் என்று இருந்தது. காரணத்தை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. நான் பார்த்த நெருப்பு எல்லாம் காவல் காக்க வேண்டிய நெருப்பு. கண்ணை எடுத்தால் திரும்பப் புகையும். யாரும் அணைக்காமல் தானாக அணைந்து, கல்லாகி, திரும்பப் புகையவே புகையாது என்று ஆகிப்போன நெருப்பை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கு இந்த மாதிரி ஆசையெல்லாம் அடிக்கடி வராது.

அண்ணாச்சி ரிட்டயர் ஆனார். கிளம்பினோம். வண்டி என்னுடைய பழைய ஆம்னி. ஓட்டுவது நான். லாட்ஜில் தங்குவதில்லை, கூடாரம் போட்டுத்தான் படுப்பது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். மாமா ஒரு டென்ட் வரவழைத்தார். அதன்மேல் நம்பிக்கை இல்லாமல் ஒரு தார்ப்பாயையும் ஏற்றினார். சமைக்க ஒரு சாக்குக் கரி. கரி எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள்.

"சின்ன காஸ் அடுப்பு பரண்ல சும்மாதான கெடக்குது, அத எட்த்துகினு போயேன்" என்றாள் அக்கா.

"காஸு தீந்துபோச்சின்னா அந்தக் காட்டுல யாரக் கேப்ப? நம்ம கரி மாதிரி வராது" என்றார் மாமா.

அக்கா என்னிடம் தனியாகச் சொன்னாள். "டேய், அவுரு எதுனா சொல்லிகினேதான் இருப்பாரு. நீ பதில் பேசாத. வாய மூடிகினு வண்டிய ஓட்டு."

வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். பண்ருட்டி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகக் கோலார்ப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். அங்கே எரிமலை கக்கிய சாம்பலே கல்லாக இறுகிக் கிடக்கிறது. சாம்பலோடு தெறித்து வந்த உருண்டைக் கற்கள் பொங்கலில் முந்திரி மாதிரி அதில் பதிந்திருக்கின்றன. அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனார். பொழுது சாய்வதற்குள் டென்ட் போடலாம் என்று நான் பாறைக்கு அடியில் ஒரு சமமான இடத்தைப் பெருக்கினேன்.

மாமா பாறையை அண்ணாந்து பார்த்தார். "இங்க வேணாம். அடிவாரத்துல படுக்கக் கூடாது. சரியும்."

"என்ன சரியும்?" என்றார் அண்ணாச்சி.

"மேடுதான். மழ கிழ பேஞ்சா."

"யோவ், இது கம்பெனி கொட்டுன மண்ணு இல்லவே. கல்லு. கோடிக்கணக்கான வருசமா நிக்கி. நீரு வந்து படுக்கியேருன்னு இன்னிக்கு எறங்கி வருமாக்கும்?"

மாமா கேட்கவில்லை. நெய்வேலியில் எங்களுக்கு மலை என்று இருப்பது சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடுதான். அதன் அடியில் நிற்கக் கூடாது, உட்காரக் கூடாது, வண்டி நிறுத்தக் கூடாது என்று போர்டே இருக்கிறது. கேழ்வரகு அறுத்த கட்டைக்குள் வெகுதூரம் தள்ளிப் போய் டென்ட் போட்டோம். கட்டை முதுகில் குத்தியது. ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நான் பெருக்கி வைத்த இடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். அண்ணாச்சி அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். உண்மையைச் சொன்னால் தள்ளிப் போனதில் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்போது மாமா மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இதையும் எழுதி வைக்கிறேன்.

அடுத்து சித்ரதுர்கா பக்கம். ஒரு கிராமத்தை ஒட்டி, முள் மரங்களுக்கு நடுவில் அந்தப் பாறை இருக்கிறது. சுற்றிக் கம்பிவேலி, உள்ளே போக ஒரு வழி, ஒரு பலகை. தலையணைகளை அடுக்கி வைத்த மாதிரி கல். பெரிசும் சிறிசுமாக, ஒன்றின்மேல் ஒன்று அமுங்கி, பச்சை கலந்த சாம்பல் நிறத்தில். ஒவ்வொரு தலையணைக்கும் மேலே உறை போட்ட மாதிரி ஓர் ஓடு. அண்ணாச்சி பலகையைப் படித்துவிட்டு வந்து சொன்னார்.

"இது அந்தக் காலத்துல கடலுக்கு அடியில கக்குனதாம். தண்ணி பட்டதும் மேல்தோலு டக்குன்னு இறுகிருது. உள்ள சூடு இருக்குல்லா, அது தள்ளும். தோலு கிழிஞ்சு அடுத்த உருண்டை வரும். அதுவும் இறுகிரும். அப்பிடியே ஒண்ணுமேல ஒண்ணு."

"அப்போ தண்ணி ஊத்தித்தான் அணச்சிருக்குது" என்றேன்.

"ஆமாலே, ஒன் ஆளுதான் அணைச்சிருக்கான்" என்று முதுகில் தட்டினார்.

நான் ஒரு தலையணைமேல் உள்ளங்கையை வைத்தேன். வெயிலில் சூடாக இருந்தது. நிழல் பட்ட பக்கம் குளிர்ச்சியாக இருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தேன். பழக்கம். ஒரு வாசனையும் இல்லை. வேலியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். யார்டில் நடக்கிற மாதிரியேதான் நடந்தேன், ஆனால் எதையும் தேடவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் எனக்கு நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் நன்றாக இல்லை. மோசமாகவும் இல்லை. ஒன்றுமாகவும் இல்லை.

மத்தியானம் சமையல். காற்று சுழற்றி அடித்தது. வேலிக்கு வெளியே, முள்ளுக்குப் பின்னால், அதே தலையணைக் கல்லில் கொஞ்சம் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே காற்று படவில்லை. மாமா அதன்மேல் கரியைக் கொட்டி அடுப்பு மூட்டினார். வேலிக்கு வெளியே இருந்ததால் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எங்கள் கரி எரிகிற நாற்றம் எழும்பியதும் ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. சோறு வெந்தது. தண்ணீர் தீர்ந்துபோனதால் நான் இரண்டு கேனையும் எடுத்துக்கொண்டு கிராமத்துக் குழாய்க்குப் போனேன். வாளியில் பாத்திரம் கழுவ வைத்திருந்த தண்ணீர் மட்டும் அங்கே இருந்தது.

திரும்பி வரும்போது சத்தம் கேட்டது. என் வண்டி டயர்தான் போய்விட்டது என்று நினைத்தேன்.

வந்து பார்த்தால் ஆவி. சாம்பல் சேறாக ஓடிக்கொண்டிருந்தது. தலையணை நடுவில் பிளந்து, அம்மிக்கல் அகலத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்து கீழே கிடந்தது. உள்பக்கம் கருநீலமாக, இன்றைக்குத்தான் செய்தது மாதிரி இருந்தது. மாமா காலி வாளியோடு நின்றார். சட்டையெல்லாம் சாம்பல் தண்ணீர் தெறித்திருந்தது. அண்ணாச்சி தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மாமா ஆச்சி?"

"ஒண்ணும் இல்ல. சோறு எறக்கனதும் பொகஞ்சிகினே இருந்துச்சி. தண்ணி ஊத்தனேன்."

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நான் அங்கே இருந்திருந்தாலும் ஊற்றியிருப்பேன். மூன்று பேரில் யார் கையில் வாளி இருந்தாலும் ஊற்றியிருப்போம். அடுப்புக்கு மண்ணைப் போட்டு மூடலாம் என்று வேறு ஊர்க்காரனுக்குத் தோன்றும். நெய்வேலிக்காரனுக்குத் தோன்றாது. கல் வெடிக்கும் என்று யாருக்குத் தெரியும். அந்த இடத்தோடு விட்டிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

சத்தம் கேட்டுப் பாறையின் காவல்காரர் வந்தார். பின்னாலேயே கிராமத்திலிருந்து ஆட்கள். காவல்காரர் பெங்களூரில் கட்டட வேலை பார்த்தவர். தமிழ் பேசினார்.

"யாரு சார் இது செஞ்சது? எங்க ஊரு கல்லு சார் இது. எங்கிருந்தெல்லாமோ வந்து பாக்குறாங்க. யாரு?"

மாமா என் தோளில் கை போட்டு வண்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "டேய், நான் பர்மனென்ட். ரிட்டயர் ஆவற நேரம். கேஸு கீஸுன்னு ஆச்சின்னா வர வேண்டிய காசெல்லாம் நின்னுபூடும். ஒனக்கு இன்னா, கான்ட்ராக்ட்டு. நீ செஞ்சன்னு சொல்லு. ஊருக்குப் போயி நான் பாத்துக்கறன். ஒங்கக்கா மொகத்த நெனச்சிப் பாரு."

அக்கா முகத்தை நினைத்துப் பார்த்தேன். சரி என்று தலையாட்டினேன். மாமா திரும்பிப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, மைக் இல்லாமலே மைக்கில் பேசும் குரலில் சொன்னார். "நம்ம பையன்தாங்க. கான்ட்ராக்ட் ஆளு, தெரியாம செஞ்சிட்டான். நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

எனக்குப் பதிலாக மன்னிப்பும் அவரே கேட்டார். அண்ணாச்சி முள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காவல்காரர் என் கையில் இருந்த கேன்களைப் பார்த்தார். கீழே வைக்க மறந்துபோய் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு கேனும் ரொம்பி இருக்குதே. நீ எந்தத் தண்ணி ஊத்துனே?"

நான் கேன்களைக் கீழே வைத்தேன்.

"அவரு சட்ட நனஞ்சிருக்குது. உன் சட்ட காஞ்சிருக்குது. ஏன்பா?"

"நான்தான்னு எழுதிக்குங்க அண்ணா" என்றேன்.

அவர் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டார். பஞ்சாயத்து ஆபீஸ் வராந்தாவில் உட்கார வைத்தார்கள். டீ கொடுத்தார்கள். ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து இங்கிலீஷில் திட்டினார். அப்புறம் பாறைக்குக் கூட்டிப் போய், பெயர்ந்த பாளத்தை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார். கிராமத்துப் பசங்களும் அவரவர் போனில் எடுத்தார்கள். பாளம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதிகாரி எச்சரித்து அனுப்பிவிட்டார். கேஸ் ஒன்றும் ஆகவில்லை. தான்தான் ஊற்றினேன் என்று மாமா சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

வண்டியை எடுத்தேன். மாமா முன்சீட்டில் உட்கார்ந்து, "சோறு ஆறிப்போச்சி, எங்கனா நிழல்ல நிறுத்து" என்றார். நிறுத்தினேன். சாப்பிட்டோம். சோற்றில் உப்பு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ரசம் இருக்கிறதா என்று மாமா கேட்டபோது கேட்டது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, நம் காலா என்று தட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி மொத்த உடம்பும்.

திரும்பிவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. மேற்கே மலைத்தொடரைத் தாண்டி இறங்கி மல்பெ கடற்கரைக்குப் போனோம். படகில் ஒரு தீவுக்குக் கூட்டிப் போகிறார்கள். எரிமலைக் குழம்பு மெதுவாக ஆறி, ஆறும்போதே தானாக விரிசல் விட்டு, தூண் தூணாக நிற்கிறது. ஐந்து மூலை, ஆறு மூலை. பென்சில் கட்டுகளை நிறுத்தி வைத்த மாதிரி கடலுக்குள்ளிருந்து கிளம்பி நிற்கிறது. இதைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்தோம். அண்ணாச்சி சிறுபிள்ளை மாதிரி ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்குத் தாண்டினார். "மெதுவா ஆறினா இப்பிடி வருமாம், மாப்ள! பாத்தியா, எவனும் வெட்டல, அதுவா வெட்டிக்கிட்டு நிக்கி!" மாமா விதவிதமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். என்னையும் நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழகு என்று தெரிந்தது. போர்டில் எழுதியதைப் படித்தால் தெரிவது மாதிரி தெரிந்தது. கையை வைத்துப் பார்க்கவில்லை. முகர்ந்து பார்க்கவில்லை. படகு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் இன்னொருமுறை அந்தத் தீவுக்கு நான் போகப் போவதில்லை. நான் பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை. மாமா என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதில் இதுவும் ஒன்று. ஆனால் இதைத் திருப்பித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. அதற்கு வழியும் கிடையாது.

ஊருக்கு வந்தோம். எங்களுக்கு முன்னாலேயே போட்டோ வந்துவிட்டது. கிராமத்துப் பசங்க யாரோ போட்டது, கைமாறிக் கைமாறி நெய்வேலி வாட்ஸ்அப் குரூப்புக்கெல்லாம் வந்திருந்தது. கல்லை நெஞ்சில் பிடித்துக்கொண்டு நான். கீழே கன்னடத்தில் என்னவோ. யாருக்கும் அர்த்தம் தெரியாது, சிரிப்பு மட்டும் வந்தது. மாமா பார்த்துக்கொள்வதாகச் சொன்னாரே, பார்த்துக்கொள்வார் என்று இருந்தேன்.

அந்த வாரம் கேட் மீட்டிங். சேஃப்டி பற்றிப் பேச்சு. முதல் ஷிப்ட் விட்டு நான் டிபன் பையோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மாமா மைக்கைப் பிடித்தார்.

"தோழர்களே, சேஃப்டின்னா இன்னான்னு தெரியாதவனுங்கள நெருப்புப் பக்கம் நிக்க வெச்சிருக்குது நிர்வாகம். வெளிய எங்கயும் போவ வேணாம், என் மச்சானயே எட்த்துக்குங்க. போட்டோ பாத்திருப்பீங்க. ஆறிப்போன எரிமலைக்கே தண்ணி ஊத்தி வெடிக்க வெச்ச ஒரே ஆளு உலகத்துலயே அவன்தான்!"

அந்த ஆர்ச்சுக்குக் கீழே அவ்வளவு சிரிப்பை நான் கேட்டதில்லை. தெரிந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். முகம் அதுவாகச் செய்தது. மாமா என்னைப் பார்த்துவிட்டார், பார்த்தும் அடுத்த வரிக்குப் போய்விட்டார். நிர்வாகத்தைத் திட்டுவதற்கு அவருக்கு ஓர் உதாரணம் வேண்டியிருந்தது. நான் கிடைத்தேன்.

மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். நல்ல மனுஷன். முகத்தைப் பார்க்காமல் பேசினார். "தப்பா எட்த்துக்காதப்பா. மேல கேக்கறாங்க. அந்த ஆளயா யார்டுல வெச்சிருக்கேன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? சொந்த மாமாவே மைக்குல சொல்லிட்டாரே." ரோட்டோரம் புல் வெட்டும் வேலைக்கு மாற்றினார். சில மாதத்தில் கான்ட்ராக்ட் கை மாறியது. புதிதாக வந்தவர் பழைய கும்பலில் எல்லோரையும் எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும், "நீதான அந்தக் கல்லு போட்டோ?" என்றார். ஆமாம் என்றேன். அதோடு சரி. இப்போது ஆம்னியில் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். டீக்கடைக்குப் போனால், "எரிமல வருது, தண்ணி கிளாஸ எட்த்து உள்ள வைங்கடா" என்கிறார்கள். என் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை.

கோபம் வர வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. வரவில்லை. காலையில் எழுந்து நேரத்துக்கு மைன்ஸ் பஸ் போகும் சத்தம் கேட்பேன். கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். என் மகள் ஒருநாள், "நீ நெஜமாவே அத வெடிக்க வெச்சியாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்போ ஏன் எல்லாரும் சொல்றாங்க?" என்றாள். அன்றைக்குத்தான் வந்தது. மெதுவாகத்தான் வந்தது, ஆனால் இன்னும் போகவில்லை.

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். அவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார்.

"அண்ணாச்சி, நடந்தத நீங்க ஒருதரம் சொல்லிடுங்க. போதும்."

"எனக்கு எல்லாம் தெரியும்லே. நீ தங்கமான பயதான். ஆனா இது ஒங்க குடும்ப விசயம்லா? நான் எப்பிடி நடுவுல வர?" என்றார். பிறகு, "அந்தத் தீவு போட்டோ அனுப்புதேன், பாரு" என்றார். அனுப்பினார். நான் பார்க்கவில்லை.

அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் ஊத்தலன்னு மைக்குல சொல்லுங்க."

"அட, இன்னும் அதயே புட்ச்சிகினு இருக்கியா? மாமன் மச்சானுக்குள்ள ஒரு தமாசு. பெருசு பண்ணாதடா."

"தமாசுக்கு என் வேல போச்சி."

"வேற எடத்துல சொல்லி வுடறன். அத வுடு. குழம்பு ஊத்திக்கினு சாப்புடு."

"வேற எடம் வேணாம். நெருப்புப் பாக்கறதுதான் எனக்குத் தெரிஞ்ச வேல. அதுக்கு லாயக்கு இல்லாதவன்னு சொன்னது நீங்க. நீங்கதான் மாத்திச் சொல்லணும்."

அவர் கை கழுவப் போய்விட்டார். அக்கா வாசல்வரை வந்தாள். அவளுக்கு அதுவரை எதுவும் தெரியாது. நின்று கேட்டதில் தெரிந்துவிட்டது.

"வூட்டுக்குள்ள பேசித் தீத்துக்கலாம்டா. வெளிய வேணாம். அவுரு மானம் போயிடும்."

"வெளியதான்க்கா சொன்னாரு அவுரு."

அக்கா நான் செருப்பைப் போடும்வரை நின்றாள். "போயிட்டு வரட்டாக்கா" என்றேன். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மாமாவுக்கு அவள் சாப்பாடு மட்டும் போடுகிறாள், பேசுவதில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். இதற்காக நான் சந்தோஷப்படவில்லை. எனக்கு அது வேண்டியதும் இல்லை.

மாமா, இந்த மாதக் கடைசியில் நீங்கள் ரிட்டயர் ஆகிறீர்கள். மாலை போடுவார்கள், மேளம் வைப்பார்கள், திறந்த ஜீப்பில் குவார்ட்டர்ஸ்வரை கூட்டிப் போவார்கள். அதற்கு முன்னால் ஆர்ச்சுக்குக் கீழே கடைசியாக ஒருமுறை உங்கள் கையில் மைக்கைக் கொடுப்பார்கள். அதற்கப்புறம் அந்த மைக் உங்களுக்குக் கிடையாது. ஜீப் கிளம்பிவிட்டால் என் மேல் நீங்கள் போட்ட பெயர் அப்படியே என்னோடு தங்கிவிடும்.

இப்போது உங்களுக்கு எந்தக் கேஸும் இல்லை. வர வேண்டியது எல்லாம் வரப்போகிறது. பயப்பட ஒன்றும் இல்லை. வேறு இடத்தில் வேலைக்குச் சொல்லிவிட வேண்டாம். அக்கா மூலமாக ஆள் அனுப்ப வேண்டாம். தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட வேண்டாம்.

அன்றைக்கு நான் வருவேன். பின்னால் இல்லை, முன்னால் நிற்பேன். மகளையும் கூட்டிவருவேன். அன்று சிரித்தவர்கள் எல்லோரும் இருப்பார்கள். மைக்கைப் பிடித்து, நிர்வாகத்தைத் திட்டுவதற்கு முன்னால், உங்கள் பெருமையைப் பேசுவதற்கு முன்னால், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: இரண்டு கேனும் என் கையில் நிரம்பியிருக்கும்போது, அந்தக் கல்லில் தண்ணீர் ஊற்றியது யார்?